கேப்டனுக்கு அப்புறம்: பட்டாளத்தில் அடுத்த படி ஏறும் வழி

எங்கள் தோட்டத்தில் விடிகாலை ஐந்தரைக்குப் பெரட்டு. இருட்டோடு இருட்டாக எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்பார்கள். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி விளக்கு வெளிச்சத்தில் பேர் கூப்பிட்டு, செக்ரோல் என்ற வருகை ஏட்டில் குறிப்பார். அந்தப் 'பெரட்டு' வேறொன்றுமில்லை, 'பரேட்' என்ற சொல் தோட்டத்து வாயில் பட்டு அப்படி ஆனதுதான் என்பது, பட்டாளத்தில் சேர்ந்து முதல் நாள் அணிவகுப்பில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அப்பா முப்பது வருடம் நின்ற அதே வரிசை.

ஒரு மாதம் அப்பாவுக்கு ஒரு நாள் சம்பளம் குறைந்தது. அன்றைக்கு அவர் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்ததைப் பார்த்தவர்கள் இருபது பேர். பாலை நிறுத்து வாங்கியவரே பக்கத்தில் நின்றார். கிராணி ஏட்டைத் திருப்பிக் காட்டி, "செக்ரோலில் இல்லையே, நான் என்ன செய்ய?" என்றார். அதோடு முடிந்தது.

பட்டாளத்தில் பதவி உயர்வைப் பற்றி என்னைக் கேட்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். நான் இருப்பது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துக் குளுவாங். சுற்றிலும் செம்பனை, நடுவில் டவுன், ஓரத்தில் ராணுவ முகாம், தலைக்கு மேல் தரைப்படையின் ஹெலிகாப்டர். லீவுக்கு வரும் இளம் அதிகாரிகள் சிலர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். போன மாதம் வந்தவள் சிக்னல்ஸ் பிரிவில் கேப்டன். கேம்ப்பில் பார்த்தால் ஐயா என்ற அர்த்தத்தில் 'துவான்' என்பாள், என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் 'மாமா'.

"மாமா, மேஜர் பங்காட் ஏற என்ன செய்யணும்?"

"உன் சர்வீஸ் ரெக்கார்டைக் கடைசியா எப்ப பார்த்தே?"

பதில் இல்லை. தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சீலிங்கைப் பார்த்தாள். கேப்டன் ஆகி ஒன்றிரண்டு வருடம் ஆன, இனி எப்படி என்று யோசிக்கிற பிள்ளைகளுக்காக, அன்றைக்கு அவளிடம் சொன்னதையும் விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன். முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நான் மேஜராக ஓய்வு பெற்றவன், லெப்டினன்ட் கர்னல் ஆகவில்லை. எந்தப் படியில் வழுக்கும் என்று விழுந்தவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஏணி எப்படி நிற்கிறது

லெப்டினன்ட் மூடா, லெப்டினன்ட், கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல். அதற்கு மேல் ஜெனரல்களில் நான்கு படி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஏணி மேலே போகப் போக எப்படிக் குறுகுகிறது என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

ஒரு காலாட்படைப் பட்டாளத்தை, அதாவது ஒரு பட்டாலியனை, எடுத்துக்கொள்ளுங்கள். பிளட்டூன் என்ற சின்னப் பிரிவுகளை லெப்டினன்ட்கள் பார்க்கிறார்கள். பிளட்டூன்கள் சேர்ந்த கம்பெனிகளுக்கு மேஜர்கள். கூடவே பட்டாளத்தின் தலைவரான சிஓவுக்கு அடுத்த இடத்தில் இன்னொரு மேஜர். ஆக மேஜர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். சிஓ என்கிற லெப்டினன்ட் கர்னல் ஒரே ஒருவர். தலைமையகங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் வேறு நாற்காலிகள் இருக்கின்றனதான், ஆனால் கணக்கின் போக்கு அங்கேயும் இதேதான். கேப்டன் வரை ஒழுங்காக வேலை செய்து, தேர்வுகளில் தேறி, காலத்தைக் கடத்தினால் பெரும்பாலும் ஏறிவிடலாம். மேஜருக்கு மேல் காலியிடம் வேண்டும், அந்தக் காலியிடத்துக்கு உங்களைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது வாட்சாப்பில், "அங்க 13 வருஷம் முடிஞ்சா லெப்டினன்ட் கர்னல்தானே?" என்று கேட்பார். அவர் சொல்வது அவர்கள் நாட்டுக்குச் சரி. ஏ.வி. சிங் குழுவின் பரிந்துரை 2004-இல் நடைமுறைக்கு வந்த பிறகு இந்தியத் தரைப்படையில் 2 வருடத்தில் கேப்டன், 6 வருடத்தில் மேஜர், 13 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல், உரிய தேர்வுகளில் தேறியிருந்தால். அங்கே கர்னலிலிருந்துதான் தேர்வு வாரியம். அமெரிக்காவில் கதையே வேறு. 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு முறை தேர்வாகாத கேப்டனும் மேஜரும் பொதுவாக மூட்டை கட்ட வேண்டியதுதான். யூடியூபில் பார்த்த ஊரான் விதியை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

நம் நாட்டில் கூட்டரசு அரசியலமைப்பின் 137-ஆம் பிரிவு ஆயுதப்படை மன்றத்தை அமைக்கிறது. தற்காப்பு அமைச்சர்தான் அதற்குத் தலைவர். படைகளின் கட்டளை, ஒழுங்கு, நிர்வாகம் எல்லாம் அதன் பொறுப்பு. மேலே இருக்கும் எந்த மேசையில் உங்கள் பெயர் வந்தாலும், அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் சார்பாக அங்கே பேசப்போவது கோப்பு மட்டும்தான்.

முதல் வேலை: கோப்பைத் திறந்து பாருங்கள்

அடுத்த வாரமே பட்டாள அலுவலகமான ஆர்டர்லி ரூமுக்குப் போய் உங்கள் பணிப்பதிவைப் பார்க்கக் கேளுங்கள். பிறந்த தேதி, தவுலியா என்கிற அதிகாரி நியமனம் கிடைத்த தேதி, ஒவ்வொரு மாற்றல், ஒவ்வொரு கோர்ஸ், கோர்ஸில் வாங்கிய தரம், மருத்துவத் தரம், பதக்கம், படிப்பு, திருமணம், பிள்ளைகள். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். உலு திராமில் இருக்கும் புலாடாவில் ஒரு கோர்ஸ் முடித்தேன். பிரிட்டிஷார் காலத்துக் காட்டுப்போர்ப் பயிற்சியின் வழிவந்த இடம் அது, அங்கே நல்ல தரம் வாங்குவது லேசில்லை. வாங்கினேன். கோர்ஸ் முடிவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. முடிவுக் கடிதம் பழைய பட்டாளத்துக்குப் போனது, புதிய பட்டாளம் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டு அம்மா வீட்டு ஹாலில் மாட்டிவிட்டார். மூன்று வருடம் கழித்து வேறொரு விஷயமாகப் பதிவைப் பார்த்தபோதுதான் அந்த வரியே இல்லை என்று தெரிந்தது. அந்த மூன்று வருடத்தில் என் பெயர் எத்தனை பட்டியலுக்கு எடுக்கப்பட்டு, எத்தனை பட்டியலில் விடப்பட்டது என்று எனக்குத் தெரியாது. சுவரில் மாட்டியதை யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

ஆகவே எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைல், காகிதத்தில். இன்னொன்று போனில் வேண்டாம், ரகசியக் காகிதங்களைப் போனில் வைப்பது வேறு வம்பு. எந்த மாற்றலிலும், புறப்படுவதற்கு முன் ஒரு முறையும் புதிய இடத்தில் சேர்ந்த மாதம் ஒரு முறையும் பதிவைச் சரிபாருங்கள். குமாஸ்தா சார்ஜன்ட்டிடம் மரியாதையாக இருங்கள். வருடம் முழுக்க அவரைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டுத் தேவை வந்த அன்றைக்கு மட்டும் "அபாங், அபாங்" என்று கூப்பிட்டால் அவருக்குத் தெரியாதா என்ன?

தவுலியா எந்த வகை என்பதையும் அன்றைக்கே பாருங்கள். நிரந்தரமா, குறுகிய காலமா? குறுகிய காலத் தவுலியாவில் வந்தவர்கள் அது முடியும் தேதியைத் திருமண நாளைவிட நன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டும். நீட்டிப்புக்கோ நிரந்தரத்துக்கோ விண்ணப்பிப்பதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். நல்ல அதிகாரி என்று பெயர் எடுத்தவர்களே இதில் கோட்டை விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டறிக்கை

பதிவு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது வருடா வருடம் மேலதிகாரி உங்களைப் பற்றி எழுதும் அறிக்கை. கேம்ப்பில் 'லாப்போரான்' என்றால் பாதி நேரம் இதுதான். என் அனுபவத்தில் பதவி உயர்வின் முக்கால் பங்கு இங்கேதான் முடிவாகிறது.

மேலதிகாரி கெட்ட எண்ணத்தோடு எழுதுவது அபூர்வம். அவருக்கு நேரமில்லை என்பதுதான் நிஜம். டிசம்பர் வாக்கில் எட்டுப் பத்துப் பேருக்கு எழுத வேண்டும். ஜனவரியில் நீங்கள் செய்தது அவருக்கு நினைவிருக்காது. சிக்கலான அந்த அக்டோபர் பயிற்சியில் லாரி சேற்றில் மாட்டியது மட்டும் நினைவிருக்கும். அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் ஐந்தே வரி. என்ன செய்தேன், எத்தனை பேர், என்ன மாறியது. அறிக்கைக் காலத்துக்கு ஒரு மாதம் முன்பு அதிலிருந்து ஒரு பக்கம் எழுதி, "துவான், உங்களுக்கு உதவியாக இருக்கும்" என்று கொடுங்கள். இது காக்காய் பிடிப்பது இல்லை. அவருடைய வேலையில் பாதியை நீங்கள் செய்து கொடுக்கிறீர்கள், எல்லாரும் நன்றிதான் சொல்வார்கள்.

அந்தப் பக்கத்தில் எப்படி எழுதுவது என்பதில் பலருக்குக் குழப்பம். அன்றைக்கு அந்தப் பெண் எழுதிக் காட்டிய வரி: 'சுடும் பயிற்சிகளைச் சிறப்பாகவும் ஆர்வத்துடனும் நடத்தினேன்.' நான் கேட்டேன், எத்தனை பேர்? தொண்ணூற்றாறு. போன வருடம் எத்தனை பேர் தேறவில்லை? பதினான்கு. இந்த வருடம்? மூன்று. ஏன் குறைந்தது? "தேறாதவங்களை வாரம் ரெண்டு நாள் தனியா எடுத்தேன் மாமா, தோட்டா இல்லாம வெறும் துப்பாக்கியில மூச்சு, குறி, விசைன்னு பழக்கினேன்." சரி, அதை எழுது. அவள் திருத்தியது: '96 பேருக்குச் சுடும் பயிற்சி. தேறாதவர் 14-இலிருந்து 3-ஆகக் குறைந்தனர், வாரம் இரு முறை தோட்டா இல்லாத பயிற்சியால். விபத்து இல்லை.' இரண்டாவதை மேலதிகாரி அப்படியே எடுத்து அறிக்கையில் போடலாம். முதலாவதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

இப்போது என் சொந்தப் புண். இரண்டு வருடம் தொடர்ந்து என் அறிக்கையில் 'அமைதியானவர், எல்லாரோடும் ஒத்துப்போகிறவர்' என்று எழுதப்பட்டிருந்ததாம். எழுதியவர் என்மேல் அன்பாகத்தான் இருந்தார், பாராட்டாகத்தான் எழுதினார். பல வருடம் கழித்து ஒரு மூத்தவர் கல்யாண விருந்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒத்துப்போகிறவர் என்று எழுதினால், முடிவெடுக்க மாட்டார் என்று வாசிப்பார்கள் தம்பி." வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் "பெண் நல்ல அடக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அம்மாவுக்கு அர்த்தம் புரிந்துவிடுமே, அப்படி. எங்களைத் தோட்டத்தில் வளர்த்த விதம் அது. பெரியவர் முன்னால் வாயைத் திறக்காதே, கேட்டால் மட்டும் பதில் சொல். பட்டாளத்தில் பணிவு வேண்டும்தான். ஆனால் மாநாட்டு மேசையில் உங்கள் கம்பெனியைப் பற்றிப் பேச்சு வரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பணிவு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாரக் கூட்டத்தில் ஒரு முறையாவது ஒரு யோசனையை, அதற்கான காரணத்தோடு, இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். முதல் மாதம் குரல் நடுங்கும்.

வருடத்தின் நடுவில் சிஓவிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கி, "நான் எதில் பின்தங்கியிருக்கிறேன்?" என்று கேளுங்கள். டிசம்பரில் கேட்டால் திருத்த நேரமிருக்காது.

தேர்வு

கேப்டனிலிருந்து மேஜருக்குப் போகத் தேர்வு உண்டு. இதை "ராணுவ ஆபரேஷன் முடியட்டும், பிள்ளை பிறக்கட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். தகுதி வந்த முதல் வாய்ப்பிலேயே உட்காருங்கள். ஒரு தாள் போனாலும் எஞ்சிய தாளுக்கு அடுத்த முறை இருக்கிறது. உட்காராதவனுக்கு எல்லாத் தாளும் பாக்கி.

ராணுவச் சட்டத்துக்கு ஆயுதப்படைச் சட்டம் 1972-ஐயே எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள், யாரோ எழுதிய குறிப்பை நம்பாதீர்கள். அதில் ஒவ்வொரு குற்றப் பிரிவைப் படிக்கும்போதும், உங்கள் பட்டாளத்தில் நடந்த ஒரு சம்பவத்தோடு சேர்த்து நினைவில் வையுங்கள். லீவு முடிந்து நான்கு நாள் கழித்து வந்த அந்தப் பையன் எந்தப் பிரிவில் வருவான்? அப்படிப் படித்தால் மறக்காது.

போர்த்தந்திரத் தாள்தான் பலரைக் கவிழ்ப்பது. அதற்கு ஒரு பழக்கம் சொல்கிறேன், செலவில்லாதது. லீவுக்கு வரும்போது ஊர் வரைபடத்தை எடுத்து வைத்து, நீங்களே ஒரு கேள்வி எழுதுங்கள். எங்களுக்கு குனுங் லம்பாக் இருக்கிறது, 510 மீட்டர். மலையடிவாரத்தில் எதிரியின் ஒரு பிளட்டூன், உங்களிடம் ஒரு கம்பெனி, நடுவில் செம்பனைத் தோட்டம். இப்போது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது வேலைக்கு வரும். செம்பனை முக்கோண இடைவெளியில், மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டரில் நடப்படும், ஹெக்டேருக்குச் சுமார் 140 மரம். வரிசையோடு நின்று பார்த்தால் கண் வெகுதூரம் போகும், அப்படியென்றால் குண்டும் போகும். நாலு அடி நகர்ந்து சாய்வாகப் பார்த்தால் தண்டுகள் ஒன்றையொன்று மூடிச் சுவர்போல் நிற்கும். இளங்கன்று என்றால் ஓலை தரையைத் தொடும், உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்தால் பத்தடியில் தெரியாது. முதிர்ந்த மரம் என்றால் கீழே வெட்டவெளி. குலை வெட்டுகிறவர்கள் நடக்கும் பாதை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் இருக்கும், வெட்டிய ஓலையைப் பாதை இல்லாத இடைவெளியில் குவிப்பார்கள். அந்தக் குவியல்மேல் இரவில் நடந்தால் மெயின் ரோடு வரை சத்தம் கேட்கும். நகரத்தில் வளர்ந்த அதிகாரி வரைபடத்தில் ஒரு பச்சைத் திட்டைப் பார்ப்பார். நீங்கள் பார்ப்பது மண்டோர் என்கிற கங்காணி எந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்துவார் என்பதுவரை. அதை விடைத்தாளில் கொண்டுவாருங்கள்.

மதிப்பீட்டை எழுதி முடித்ததும் கட்டளையாக மாற்றி எழுதுங்கள். நிலைமை, பணி, செயல்பாடு, நிர்வாகமும் வழங்கலும், கட்டளையும் தொடர்பும். பணியை இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்பதை நான் சொல்லவா வேண்டும். கடிகாரம் வைத்து எழுதுங்கள். வீட்டில் மூன்று மணி நேரம் எடுத்து அழகாக எழுதுகிற விடை தேர்வு மண்டபத்தில் பாதியில் நிற்கும்.

தமிழ்ப்பள்ளியில் படித்து வந்தவர்களுக்குத் தனியாக ஒன்று. பேச்சு மலாய் நமக்குத் தண்ணீர்பட்ட பாடு, எழுத்து மலாய் அப்படி இல்லை. அலுவலகக் கடிதம், அறிக்கை, கூட்டக் குறிப்பு எல்லாம் அதில்தான். நல்ல மலாய் எழுதும் ஒரு நண்பரைப் பிடித்து, உங்கள் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தச் சொல்லுங்கள். ஆறு மாதம் வெட்கத்தை விட்டால் போதும்.

எந்த நாற்காலியில் உட்காருவது

கேப்டனாக அட்ஜுடன்ட் வேலை, அதாவது சிஓவுக்கு நிர்வாகத்தில் உதவும் வேலை, வந்தால் விடாதீர்கள். தூக்கம் போகும், திட்டு விழும், ஆனால் ஒரு பட்டாளம் உள்ளே எப்படி ஓடுகிறது என்பதை வேறு எந்த நாற்காலியும் அப்படிக் காட்டாது. சிஓவின் கண்ணெதிரில் தினமும் இருப்பீர்கள் என்பதும் ஒன்று. மேஜரானதும் கம்பெனி அல்லது ஸ்குவாட்ரன் தலைமை, அதை முழுக் காலம் செய்து முடியுங்கள். நூறு பேருக்கு மேல் உங்களை நம்பி இருப்பார்கள், உங்கள் வாழ்நாளில் மிக இனிமையான வேலை அதுவாகத்தான் இருக்கும். அதைப் பாதியில் விட்டுவிட்டுக் கோலாலம்பூரில் ஏசி அறைக்குப் போனவர்கள் பிறகு லெப்டினன்ட் கர்னல் பட்டியலில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். அதேபோல் கடைசிவரை காட்டிலேயே இருந்து ஸ்டாஃப் வேலை என்கிற தலைமையக அலுவல் ஒன்றும் செய்யாதவர்களும் திணறினார்கள். இரண்டும் வேண்டும். தலைமை, ஸ்டாஃப், பயிற்றுநர் என்று மாறி மாறி வரும்படி பாருங்கள்.

சபா கிழக்குக் கரை, எல்லைக் காவல் போன்ற இடங்களுக்கு மாற்றல் வந்தால் முகம் சுளிக்க வேண்டாம். ஐக்கிய நாட்டு அமைதிப்படைப் பணிக்கு வாய்ப்பு வந்தாலும் விடாதீர்கள். நம் படையினர் 2007 முதல் லெபனானில் பணியாற்றியிருக்கிறார்கள், அதற்கான பயிற்சி போர்ட்டிக்சனில் 1996 முதல் இயங்கும் அமைதிகாப்பு மையத்தில் நடக்கிறது. அங்கே போய்வந்தவர்கள் வேறு நாட்டு அதிகாரிகளோடு மேசையில் உட்கார்ந்து பேசக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். கையில் கொஞ்சம் பணமும் சேரும், பொய் சொல்வானேன்.

மாற்றல் பேச்சு வரும்போது வீட்டில் ஒரு கணக்கு உண்டு. சபா சரவாக்கில் தமிழ்ப்பள்ளியே இல்லை. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவதா, பாட்டி வீட்டில் விட்டுத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா என்று இரவெல்லாம் பேசியிருக்கிறோம். நாங்கள் அழைத்துப் போனோம். மகள் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அது சரியா தப்பா என்று என்னிடம் விடை இல்லை. மாற்றல் கடிதம் கையில் வந்த பிறகு பேசாமல், ஒரு வருடம் முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்பது மட்டும் சொல்வேன்.

ஸ்டாஃப் காலேஜ்

மேஜர்களுக்கு ஆயுதப்படை ஸ்டாஃப் காலேஜ். மலாயில் சுருக்கமாக எம்தாட் என்போம். முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் பிஎஸ்சி என்று போட்டுக்கொள்வார்கள், ஸ்டாஃப் காலேஜ் தேறியவர் என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அறிவியல் பட்டம் என்று நினைத்து என் பெரியம்மா ஊரெல்லாம் பெருமை பேசினார், நான் திருத்தவில்லை. லெப்டினன்ட் கர்னலுக்கு மேல் போக நினைக்கிறவருக்கு இது கதவு. மூன்று படையினரும் வெளிநாட்டவரும் சேர்ந்து படிக்கும் இடம் என்பதால் ஆங்கிலம் நிறையப் புழங்கும். தேர்வான பிறகு ஆங்கிலத்தைத் தீட்டலாம் என்று இருக்காதீர்கள். கேப்டனாக இருக்கும்போதே வாரம் ஒரு கட்டுரை ஆங்கிலத்தில் எழுதி யாரிடமாவது காட்டுங்கள். ஆயிரம் வார்த்தை, ஒரே ஒரு வாதம், போதும்.

சிலருக்கு வெளிநாட்டு ஸ்டாஃப் காலேஜ் கிடைக்கும். அவற்றில் ஒன்று தமிழ்நாட்டில், நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது. தாத்தா எந்தக் கரையில் கப்பலேறினாரோ அந்த நாட்டின் தேயிலைத் தோட்டத்து நடுவே, மலேசியச் சீருடையில் போய்ப் படிப்பதை நினைத்துப் பாருங்கள். எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் ஒரு கடிதம் போடுங்கள்.

அதற்கும் மேலே புத்ராஜெயாவில் புஸ்பஹானாஸ் என்ற தற்காப்புக் கல்வி மையம் இருக்கிறது. அது மூத்த அதிகாரிகளுக்கு, இப்போதைக்கு உங்கள் கவலை இல்லை.

உடம்பு, கடன்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. ஸ்டாஃப் வேலைக்குப் போன இரண்டாம் வருடத்தில்தான் இடுப்பு ஏறும். உடற்தகுதித் தேர்வில் தேறாமலோ மருத்துவத் தரம் இறங்கியோ இருந்தால், அதுவரை சேர்த்த நல்ல அறிக்கை எல்லாம் மேசையிலேயே நிற்கும். நாசி லெமாக்கை விடச் சொல்லவில்லை, தினமும் வேண்டாம்.

கடன் இன்னும் மோசம். மேஜர் ஆனதும் பெரிய கார், உறவுக்காரருக்கு ஜாமீன் கையெழுத்து. நம் சனங்கள் "பட்டாளத்து ஆபீசர்" என்றாலே பணம் காய்ச்சி மரம் என்று நினைப்பார்கள். அண்ணன் கேட்டாலும் ஜாமீன் போடாதீர்கள். சம்பளத்தில் பாதி பிடித்தம் போகும் அதிகாரியிடம் பொறுப்பான நாற்காலியைக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. எல்டிஏடி என்கிற படையினர் சேமநிதியில் சேமிப்பு மற்ற தரத்தினருக்குக் கட்டாயம், அதிகாரிகளுக்கு விருப்பம்தான். விருப்பம் என்பதால் விட்டுவிட்டவர்களில் நானும் ஒருவன், தாமதமாகத்தான் சேர்ந்தேன்.

நாம் கொஞ்சப் பேர்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். எண்ணிக்கையில் நாம் குறைவு. மெஸ்ஸில் நீங்கள் ஒருவர் மட்டும் இந்தியராக இருக்கும் வருடங்கள் வரும். அரச மலாய்ப் படைப்பிரிவு மலாய்க்காரர்களுக்கு மட்டும் என்பதால் காலாட்படைக்குப் போகும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் ரேஞ்சர் படைப்பிரிவுக்கு வருவார்கள். நான் அங்கேதான் இருந்தேன். அதன் முழக்கம் இபான் மொழியில்: 'ஆகி இடுப் ஆகி ஙெலாபான்'. உயிர் உள்ளவரை போராடுவேன் என்று பொருள். முதல் நாள் கேட்டபோது இடுப்பைப் பற்றி ஏதோ கத்துகிறார்கள் என்று நினைத்தேன்.

பதவி உயர்வு கிடைக்காதபோது, "நான் இந்தியன், அதனால்தான்" என்ற நினைப்பு வரும். சில சமயம் அதில் உண்மை இருக்கிறதோ என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் என் விஷயத்தில் பதிவில் ஒரு கோர்ஸ் இல்லை, அறிக்கையில் 'அமைதியானவர்' என்று இருந்தது, ஒரு தேர்வைத் தள்ளிப்போட்டேன். என் கையில் இருந்த இந்த மூன்றையும் சரிசெய்யாமல் நான் யாரைக் குறை சொல்ல? உங்கள் கையில் உள்ளதை முதலில் முடியுங்கள். அதற்குப் பிறகும் அநியாயம் என்று தோன்றினால், முறைப்படி எழுத்தில் கேளுங்கள். மெஸ்ஸில் புலம்பினால் அது வேறு வடிவத்தில் அறிக்கைக்குப் போய்ச் சேரும்.

முன்னால் போனவர்கள் இல்லாமல் இல்லை. கே. தனபாலசிங்கம் 1967-இல், 31 வயதில், நம் கடற்படையின் முதல் உள்நாட்டுத் தலைவரானார். 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். வேறு படை, வேறு காலம்தான். ஆனால் தோட்டத்துப் பள்ளி விழாவுக்குப் பேசப் போகும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்கிறேன், பிள்ளைகள் யாருக்கும் தெரிவதில்லை.

பட்டியலில் பேர் இல்லையென்றால்

ஒரு வாரம் யாரிடமும் பேசாதீர்கள். மனைவியிடம் அல்லது கணவரிடம் பேசுங்கள், அது கணக்கில் வராது. அப்புறம் சிஓவிடம் போய், "அடுத்த முறைக்கு என் கோப்பில் என்ன குறைகிறது?" என்று கேளுங்கள். "ஏன் எனக்குக் கொடுக்கவில்லை?" என்று கேட்டால் அவர் தற்காத்துப் பேசுவார். முதல் கேள்விக்குத்தான் உபயோகமான பதில் வரும். அவர் சொன்னதை எழுதி வைத்து, ஆறு மாதத்தில் ஒன்றையாவது முடித்துவிட்டுத் திரும்பப் போங்கள். உங்களைவிட இளையவர் உங்களுக்கு மேலே போயிருந்தால் முதல் ஆளாகப் போய்க் கை கொடுங்கள். கஷ்டம்தான். அன்றைக்கு உங்கள் முகத்தை எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேஜராகவே முடிந்தாலும் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. பெர்ஹெபாட் போன்ற இடங்களில் வெளியே வரும் படையினருக்குத் தொழிற்பயிற்சி உண்டு, அதைப் பற்றி வெளியேறும் நேரத்துக்கு நன்றாக முன்பே விசாரியுங்கள். நான் இப்போது ஒரு தோட்டத்தின் பாதுகாப்பைப் பார்க்கிறேன். காலையில் பெரட்டு நான்தான் எடுக்கிறேன்.

அந்தப் பெண் திங்கள்கிழமை ஆர்டர்லி ரூமுக்குப் போயிருக்கிறாள். மதியம் கூப்பிட்டாள், சிரிப்பை அடக்க முடியாமல். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறதாம், ஒரு கோர்ஸ் முடித்த வருடம் மட்டும் 2019 என்பதற்குப் பதிலாக 2091 என்று ஏறியிருக்கிறது. "அறுபது சொச்சம் வருஷம் பொறுத்தா கிடைச்சிடும் மாமா," என்றாள். திருத்த மனு எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். கொடுத்துவிட்டாளாம். நகல்?

"ஐயோ," என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.